மச்சானின் வேண்டுதல்

மலைச் சன்னிதிக்குப் போகிறவர்கள் நடந்துதான் போவார்கள். கால் கொப்பளித்து, கண்ட இடத்தில் படுத்தெழுந்து, போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பாதையை ஓடியே கடப்பது என்று முதலில் சொன்னவர் மச்சான்தான். பேக்கரிக்காரர், தொப்பைக்காரர். மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாராம். அவள் பிழைத்து வந்துவிட்டாள்.

"நீயும் வா மாப்ள. தனியா ஓடினா எனக்குப் பேச்சுத் துணை வேணும்ல" என்றார் தங்கை புருஷனிடம்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கிறவன். நன்றாக ஓடுவான். பேக்கரியின் பின்னறையில் வரைபடத்தை விரித்து, எங்கே தங்குவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த ஏற்றத்தை வெயிலுக்கு முன் முடிப்பது என்று இருவரும் திட்டம் போட்டார்கள். காலையில் சேர்ந்து பயிற்சி. மச்சான் மாவு மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடுகிறவர் மாதிரி ஓடுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் மாப்பிள்ளை நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான்.

இதுவரை யாரும் ஓடாத பாதை. முதல் ஆள் என்று பேர் வாங்க வேண்டும் என்ற வெறி அவனுக்கு ஏறிவிட்டது. இந்த மனுஷனைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் அது நடக்குமா? தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிவரப் பேக்கரி வேன்தான் இருந்தது. அதன் கிளட்ச் மச்சானின் காலுக்குத்தான் அடங்கும்.

நேரே சொல்லியிருந்தால் மச்சான் சிரித்துக்கொண்டே, "நீ முன்னால போ மாப்ள, நான் பின்னால வரேன்" என்று வேன் ஓட்ட வேறு ஆளைப் பழக்கியிருப்பார். ஆனால் வாய் வரவில்லை. பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

ஓடுவதற்கு முன் இதயத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று மச்சானை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னான். தனக்கும் எடுத்துக்கொண்டான், அவருக்கும் எடுத்தான். அவருடைய காகிதத்தைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வார்டில் கிடந்த ஒரு கிழவரின் காகிதத்தை நீட்டினான்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டேன் மச்சான். இதயம் வீங்கியிருக்காம். ஓடவே கூடாதாம்."

"பெரிய மனசுக்காரன்னு எல்லாரும் சொல்றப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்று மச்சான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப என் வேண்டுதல்?"

"உங்களுக்கும் சேத்து நான் ஓடுறேன். நீங்க வேன் ஓட்டுங்க."

மச்சான் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளை சத்து மாத்திரைகளை வேறு உறையில் போட்டு, நெஞ்சுக்கு என்று சொல்லிக் கொடுத்தான்.

அதன் பிறகு மச்சான் அடுப்புப் பக்கம் போகவில்லை. மாடிப்படி ஏறப் பயந்து கீழேயே பாய் விரித்தார். கடை வேலை முழுக்க மனைவி தலையில் விழுந்தது. ஆபரேஷன் புண் ஆறிய வயிற்றோடு அவளே தட்டுகளைத் தூக்கினாள். இரவில் புருஷன் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தபடி கிடந்தாள். மாப்பிள்ளை தனியாக ஓடிப் பழகினான். காற்றாய்ப் பறக்கிறான் என்று மச்சான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார்.

ஒரு மத்தியானம் மச்சானின் மனைவி ஆஸ்பத்திரியில் அவனுடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். எப்போதும் 'வாங்க தம்பி' என்கிறவள்.

"வேற பெரிய டாக்டர்கிட்ட அவரைக் காட்டினேன். ஒரு குறையும் இல்லையாம். கல்லு மாதிரி இருக்காராம். மாத்திரையைப் பாத்துட்டு டாக்டர் சிரிச்சாரு."

"அக்கா, மிஷின் சில நேரம்..."

"வாயை மூடு. எதுக்குடா செஞ்சே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் முழுதும் கேட்டாள்.

"நீ பண்ணினதை அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். சொன்னா உன்னை மன்னிச்சிடுவாரு. மறுநாளே, மாப்ள சாப்பிட்டியான்னு கேப்பாரு. எனக்கு அது ஆகாது. ரெண்டு பேரும் ஒரே நாள்ல தானே எடுத்துக்கிட்டீங்க? காகிதம் மாறிப்போச்சு. வீங்கின இதயம் உன்னோடது. நீயே வந்து எல்லார் முன்னாலயும் சொல்லு."

"என் பொண்டாட்டி தாங்கமாட்டாக்கா."

"நான் தாங்கினேன்ல?"

"அவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா?"

"ஏதாவது சொல்லிச் சமாளி. பொய் உனக்கு வராததா? முடியாதுன்னா உண்மையைச் சொல்லிடு. வேலை போகும். அவளும் போயிடுவா, அண்ணன்னா அவளுக்கு உசிரு."

"மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும்தானே?"

"நான் விடற வரைக்கும்."

அன்று சாயங்காலமே பேக்கரியின் பின்னறையில், காகிதம் மாறிவிட்டது, வீங்கிய இதயம் தன்னுடையது என்று சொன்னான். அவன் மனைவி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மச்சான்தான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "எனக்கே இருந்திருக்கக் கூடாதா மாப்ள, வாழவேண்டிய வயசுடா உனக்கு!" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய தோளுக்கு மேலாக அக்கா அவனையே பார்த்தாள். கண்ணில் ஈரமில்லை.

வீட்டில் மனைவி தூங்கவில்லை. அவன் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தாள். அவள் கண்ணீரில் பனியன் நனைந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்று அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

இப்போது பயிற்சிக்கு அவன்தான் வேனை ஓட்டுகிறான். மச்சான் கிளட்ச்சின் சூட்சுமத்தையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பக்கத்து இருக்கையில் அக்கா தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் மச்சான் தொப்பை குலுங்க ஓடுகிறார். முதல் கியருக்கு மேல் போக வழியில்லை. அவனுடைய தொடைகள் இருக்கையில் துடிக்கின்றன.

மச்சான் நின்று, திரும்பி வந்து, ஜன்னலில் கையை ஊன்றினார். முகமெல்லாம் வேர்வை.

"வெயில் ஏறுதே மாப்ள. உனக்கு ஒண்ணும் பண்ணலையே? வேணும்னா இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாமா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஓடுங்க" என்றாள் அக்கா.

மச்சான் தலையை ஆட்டிவிட்டு ஓட ஆரம்பித்தார்.

"ம், வண்டியை எடுங்க தம்பி."