குழியில் எழுந்த சிவப்புக் கொடி

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். பஸ்சை விட்டு இறங்கினால் சேலை முந்தானை நம் பேச்சைக் கேட்காது. பைக்கை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனவன் திரும்பி வரும்போது பைக் படுத்துக் கிடக்கும். அந்தக் காற்றில்தான் தரையில் படுத்துச் சுடும் முந்நூறு மீட்டர் துப்பாக்கிப் போட்டியை வைத்தார்கள். பைத்தியமா என்று நீங்கள் கேட்பீர்கள். மாநிலப் போட்டிக்குப் பெயர் அனுப்ப அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசி வந்துவிடும்.

பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தங்கப்பன், மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்து, மண்மேடு போட்டு, ஒரு ரைபிள் கிளப் நடத்திவந்தார். அன்று பெண்கள் பிரிவில் நின்றவர்கள் இரண்டே பேர். மாநிலப் போட்டிக்குப் போக இடம் ஒன்றே ஒன்று.

ஒருத்தி ரெஜிலா. முப்பந்தல் பக்கத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இன்னொருத்தி பெமிலா. இராஜாக்கமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். இருவரும் ஒரே நாளில் கிளப்பில் சேர்ந்தவர்கள், ஒரே துப்பாக்கியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரியாணிப் பொட்டலத்தோடு குவாரிக்கு வந்துவிடுவார்கள்.

ரெஜிலாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கத்தாரில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஷிபின் குடும்ப விசா எடுத்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் விமானம் ஏற வேண்டும். போன பிறகு துப்பாக்கி ஏது, குவாரி ஏது? ஒரே ஒரு தடவை மாநிலப் போட்டியில் படுத்துச் சுட்டுவிட்டால் போதும், பிறகு எந்தச் சமையலறையில் நிற்கச் சொன்னாலும் நிற்பேன் என்று பெமிலாவிடமே சொல்லியிருந்தாள்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி சுடும்போது, எதிராளி குழியில் இருக்க வேண்டும். குறி அட்டைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு வெட்டிய குழி அது. முன்னால் மண்மேடு இருப்பதால் குண்டு உள்ளே வராது. ஒவ்வொரு வெடிக்கும் அட்டையைக் கீழே இறக்கி, ஓட்டையைப் பார்த்து, மறுபடி ஏற்றி, எத்தனை மதிப்பெண் என்று கம்பு நுனியிலுள்ள தகட்டால் காட்ட வேண்டும். சம்பள ஆள் வைக்கத் தங்கப்பனுக்கு வசதியில்லை. எதிராளியே எண்ணினால் ஒருவரும் பிறகு வாய் திறக்க முடியாது என்பதும் அவர் கணக்கு. துணைக்கு ஞானதாசன் என்ற உறுப்பினர் வாக்கிடாக்கியோடு குழியில் இருப்பார்.

முதலில் பெமிலா சுட்டாள். பத்துக் குண்டு, நூறு மதிப்பெண்ணுக்கு எண்பத்து நான்கு. அந்தக் காற்றுக்கு அது பெரிய எண்.

எழுந்து வந்தவள் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "சவத்துக் காத்து, கண்ணைத் தொறக்க விடல்ல. ஏட்டி, நான் குழிக்குப் போறேன். ஒழுங்காச் சுடு. சும்மா சும்மா அட்டைய ஏத்தி எறக்க வெச்சிராதே, எனக்கு இடுப்பு வலி" என்றாள்.

"உனக்கு அங்கன வேற என்ன சோலி? குனிஞ்சு கெடந்து எனக்க பத்தை எண்ணு."

"பத்தா? ஆசையப் பாரு. எங்க ஊருக்காரி கொடியப் பாத்துச் சுடுவா. நீ காத்தாடியப் பாத்துல்லா சுடுவ."

அது உண்மைதான். குவாரியின் நடுவில் காற்றைக் காட்ட ஒரு கொடிக்கம்பம் இருந்தாலும் ரெஜிலாவின் கண் அதில் நிற்காது. இடப்பக்கம் குவாரிச் சுவருக்கு மேலே காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். அந்த ஊர்ப் பிள்ளைகள் காலையில் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான். துணி காயப்போடலாமா, நெல் தூற்றலாமா, எல்லாவற்றுக்கும் காத்தாடிதான் சாட்சி. அது சுற்றும் வேகத்தை வைத்தே, துப்பாக்கியின் பின்குறித் திருகை இடப்பக்கமாக எத்தனை சொடுக்குத் திருப்பினால் குண்டு நேரே போகும் என்று ரெஜிலா கண்டுவைத்திருந்தாள். தங்கப்பன் எத்தனையோ முறை ஏசியும் அவள் அதை விடவில்லை.

அன்றும் அது அவளைக் கைவிடவில்லை. ஒன்பது வெடி முடிந்தபோது எழுபத்தொன்பது. கடைசிக் குண்டுக்கு ஆறு வந்தால் போதும். ஆறு என்பது அவள் தும்மிக்கொண்டே சுட்டாலும் வருகிற எண்.

அவள் படுத்திருந்த இடத்துக்கு இடப்பக்கம் பாறைச்சுவர் ஒதுக்கமாக நின்றது. காற்று அங்கே உடம்பில் படாது. காதில் வெடிச்சத்தம் கேட்காமல் இருக்க மாட்டிய உறை. அதனால் அவளுக்குக் காற்று என்பது கண்ணால் பார்ப்பது மட்டும்தான். கடைசிக் குண்டைப் போட்டுப் பூட்டினாள். தலையைத் திருப்பி மேலே பார்த்தாள்.

காற்றாலைகள் நின்றுகொண்டிருந்தன.

ஒன்றல்ல, வரிசையில் தெரிந்த எல்லாம். இறக்கைகள் கடைசியாக ஒரு சுற்று சோம்பலாகத் திரும்பி அப்படியே நின்றன. அவளால் நம்ப முடியவில்லை. கொடியைப் பார்த்தாள். அதுவும் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஆண்டவர் தனக்காகக் காற்றை அதட்டி நிறுத்திவிட்டார் என்றே நினைத்தாள். மறுபடி அடிப்பதற்கு முன்னால் சுட்டுவிட வேண்டும். திருகை மளமளவென்று திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். சுட்டாள்.

அட்டை இறங்கியது. அவள் தகட்டுக்காகக் காத்திருந்தாள். ஆறா, ஏழா, எட்டா?

அட்டை ஏறவில்லை. குழியிலிருந்து சிவப்புக் கொடி எழுந்தது.

சிவப்புக் கொடி என்றால் ஒருவரும் சுடக்கூடாது, குழியில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். கிளப் தொடங்கிய நாளிலிருந்து பழகிக் காட்டுவதற்கல்லாமல் ஒருவரும் அதைத் தூக்கியதில்லை. தங்கப்பன், "நிறுத்து! கையெடு! கையெடு!" என்று கத்தினார். ரெஜிலா காதுறையைக் கழற்றினாள். அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியில் காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து ஞானதாசனின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"சார்... பெமிலாவுக்கு... கண்ணுல... ரத்தம் நிக்க மாட்டேங்கு சார்..."

பிள்ளைகளே, நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பெமிலா சாகவில்லை என்பதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பதற வைத்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஆனால் குவாரியில் அந்த நிமிடம் நின்றவர்களுக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. சுட்டவளுக்கும் தெரியாது. அந்த நிமிடத்தில்தான் ரெஜிலாவின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"எத்தனை?"

தங்கப்பன் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் யாரோ பேசியதைக் கேட்டவள் போலத் திரும்பிப் பார்த்தாள். பேசியது தான்தான் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

பிறகு எழுந்து ஓடினாள். பாறைச்சுவரின் ஒதுக்கத்தைத் தாண்டி முதல் அடி வைத்ததும் காற்று அவளை அறைந்தது. பக்கவாட்டில் இரண்டு எட்டு தள்ளாடி, கையூன்றி, எழுந்தாள். மணல் ஊசி ஊசியாகக் கன்னத்தில் குத்தியது. அவள் மேலே பார்த்தாள். காற்றாலைகள் அசையாமல் நின்றன. கீழே, காற்று மரத்தைப் பிடுங்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கொடிக்கம்பத்தைக் கடந்தபோதுதான் கண்டாள். கொடி ஓய்ந்து தொங்கவில்லை. காற்று அதைக் கம்பத்தில் சுற்றிச் சுற்றி முறுக்கிக் கட்டிவைத்திருந்தது.

"என்ன எளவு இது? காத்தாடி நிக்குதே, காத்து எப்படி அடிக்கும்?" என்று அழுதுகொண்டே ஓடினாள்.

பின்னால் ஓடிவந்த தங்கப்பன் மூச்சு வாங்கச் சொன்னார். "கரண்டு உற்பத்தி கூடிப்போச்சுன்னு மின்வாரிய ஆபீஸ்ல இருந்து நிறுத்தச் சொல்லியிருப்பாவ. நிறுத்துன காத்தாடியப் பாத்தா சுட்ட? எத்தனை தடவ சொன்னேன் மக்கா உனக்கு?"

அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. காற்று இல்லாமல் காத்தாடி நின்று பார்த்திருக்கிறாள். காற்று இருக்கும்போதே மனிதன் அதை நிறுத்துவான் என்பது கேள்விப்பட்ட செய்திதான். ஆனால் அந்த நேரத்தில் அது நினைவில் ஏறவே இல்லை.

குழிக்குள் பெமிலா மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணைப் பொத்திய விரல்களின் இடுக்கில் ரத்தம் வழிந்து முழங்கை வரை வந்திருந்தது. ஞானதாசன் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவள் நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தார். அட்டையை மாட்டும் சட்டத்தின் வலப்பக்க மரம் பிளந்து, புதுவெட்டு வெள்ளையாகத் தெரிந்தது. காற்று குண்டை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. குண்டு மரத்தில் பட்டு, மரச்சிம்பு கீழே பாய்ந்திருக்கிறது. குழியில் இருப்பவர்கள் கண்ணாடி போட வேண்டும் என்பது விதி. மணல் அப்பி ஒன்றும் தெரியவில்லை என்று பெமிலா துடைக்கக் கழற்றியிருந்தாள்.

"பெமிலா... ஏட்டி..." என்றாள் ரெஜிலா.

பெமிலா ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள்.

நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரியில் சிம்பை எடுத்தார்கள். புருவத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கருவிழியில் ஒரு கீறல். பார்வைக்குப் பயமில்லை, ஆனால் கட்டுப் பிரிக்க வாரங்கள் ஆகும் என்றார் டாக்டர். பெமிலாவின் அம்மா நேசபாய் வராந்தாவில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினாள். ரெஜிலா பக்கத்தில் போய் முழங்காலிட்டபோது நேசபாய் கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் தள்ளிப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் ரெஜிலா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். பழப்பையைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையில் வைத்திருக்கவும் தெரியாமல் கட்டிலருகே நின்றாள். நேசபாய் அவளைப் பார்த்ததும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துத் தங்கப்பனும் வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, பட்டாளத்தில் உத்தரவு வாசிப்பவர் போல நின்றார்.

"ரெண்டு பேரும் இருக்கிய. நல்லதாப் போச்சு. ரெஜிலாவுக்குக் கடைசிக் குண்டு சைபர். எழுபத்தொன்பது. ஜெயிச்சது பெமிலா. ஆனா மாநில மேட்ச் அடுத்த வாரம். அவளால போக முடியாது. முறைப்படி அடுத்த ஆளுக்குத்தான் இடம். இன்னைக்கே பேரு அனுப்பணும்."

ரெஜிலாவின் கையிலிருந்து பை நழுவி ஆரஞ்சுகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. அவள் இதை நினைத்தே பார்க்கவில்லை. தோற்றுவிட்டேன், தோழியின் கண்ணையும் கெடுத்துவிட்டேன், இனி ஒன்றுமில்லை என்றுதான் இரவெல்லாம் கிடந்தாள். தான் கேட்டது இப்படி, இந்த வழியாக வந்து கையில் விழும் என்று யார் நினைப்பார்கள்?

"எனக்கு வேண்டாம் சார்" என்றாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள் பெமிலா.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். பெமிலா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் ரத்தத்தோட கெடக்கும்போ நீ 'எத்தனை'ன்னு கேட்டியாமே."

ரெஜிலா இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள்; வந்தது கேள்விதான்.

"யாரு சொன்னா?"

"ஞானதாசன். சாருக்க கையில வாக்கிடாக்கி தொறந்துல்லா கெடந்து. எனக்கும் லேசாக் கேட்டுது."

"பெமிலா, நான் வேணும்னு... அது எப்படி வந்துன்னு எனக்கே..."

"அழாதே. அழுதா எனக்கும் வரும். எனக்கு அழக்கூடாது, கட்டு நனையும்." அவள் ஒற்றைக் கண்ணால் கதவைப் பார்த்தாள். "இங்க வா. கிட்ட வா. நான் ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லப்பிடாது. அம்மைகிட்ட முக்கியமா."

ரெஜிலா குனிந்தாள்.

"சிம்பு அடிச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு, என்னமோ ஆச்சுன்னு. ரத்தம் வாயில வந்து விழுந்துது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அட்டைய இழுத்து எறக்கினேன். ஒத்தக் கண்ணால தேடினேன், எங்கயாவது பத்தாவது ஓட்டை இருக்கான்னு. மேல இருந்து கீழ வரை பாத்தேன். இல்ல. அப்பாடான்னு இருந்து ஏட்டி. சந்தோசமா இருந்து. அதுக்குப் பொறவுதான் கண்ணைத் தொட்டுப் பாத்தேன். அப்பந்தான் கூப்பாடு போட்டேன். ஞானதாசன் கொடியத் தூக்கினதே பொறவுதான்."

ரெஜிலா நிமிர்ந்து பெமிலாவின் முகத்தைப் பார்த்தாள். பாதி முகத்தைப் பஞ்சு மூடியிருந்தது. மீதிப் பாதி சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் ஒரே பொட்டலத்தில் பிரியாணி தின்ற முகம்தான். இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"உள்ளதாட்டா? நெசமாட்டா?" என்றாள்.

"உள்ளதாட்டு. எனக்கும் ராத்திரியெல்லாம் பேடிச்சு, பயந்துதான் கெடந்தேன். நானா அப்படின்னு." பெமிலா கையைத் தடவி நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. "சாருக்காகச் சொல்லாதே. எனக்காகவும் சொல்லாதே. உள்ளதைச் சொல்லு. போகணும்னு இருக்கா?"

"இருக்கு" என்றாள் ரெஜிலா.

குவாரியில் வந்த சொல்லைப் போலவே இதுவும் அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. அவள் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெமிலா பிடியை விட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அப்போ சாரைக் கூப்பிட்டுப் பேரைக் குடு. மனசு மாறுறதுக்கு முன்னால."

"யாருக்க மனசு?"

ரெஜிலா குனிந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த ஆரஞ்சுகளைப் பொறுக்கிப் பையில் போட்டு வைத்தாள். பிறகு போய்க் கதவைத் திறந்து சாரைக் கூப்பிட்டாள்.