ராவன்ஷாவுக்காகப் பேசியவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கணவன் டெரிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்ததும், பெரில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவாள். தெருமுனைச் சலவைக்கடை வாசலில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. இங்கிலாந்தில் மற்ற ஊர்களில் கூண்டுக்குச் சிவப்பு நிறம், எங்கள் ஊரில் வெண்ணெய் நிறம். ஹல் நகரத்தில் எல்லாமே கொஞ்சம் மாறித்தான் இருக்கும். அந்தக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அவள் பெரில் இல்லை, ஜூன்.

உள்ளூர் வானொலியில் பாரி என்பவர் ஞாயிறுதோறும் மத்தியானம் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பாட்டுப் போடுவார், நேயர்களைப் பேசவிடுவார். அந்த வருஷம் ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஒன்று ராவன்ஷா இசைக்குழு, நாலு பேர், காதைக் கிழிக்கும் கிடார், இடிபோல டிரம். இன்னொன்று கோல்டன் மைல். அவர்களிடம் ஆர்கன், புல்லாங்குழல் எல்லாம் உண்டு, ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். பள்ளிக்கூடப் பையன்கள் சட்டைக் காலரில் எந்தக் குழுவின் பேட்ஜ் குத்தியிருக்கிறது என்று பார்த்துத்தான் பேசுவதா அடிப்பதா என்று முடிவு செய்தார்கள்.

பாரியின் நிகழ்ச்சியில் ராவன்ஷாவுக்காக ஜூன் பேசுவாள். கோல்டன் மைலுக்காகப் பெவர்லி ரோடு கீத் பேசுவான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"உங்க ஆளுங்க ஒரு பாட்டை முடிக்கறதுக்குள்ள நான் துணியெல்லாம் துவைச்சுக் காயப்போட்டு மடிச்சே வச்சிடுவேன், கீத்."

"மடிச்சு வைங்க மேடம். உங்க டிரம்மர் பாட்டா அடிக்கறார்? உள்ள யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி தட்டறார். யாராவது போய் வீட்டுக்காரங்க ஊர்ல இல்லன்னு சொல்லுங்களேன்."

"கதவையாவது தட்டறான். உங்க பாடகன் வாசல்லயே நின்னு தோட்டத்துப் பூவுக்கெல்லாம் பேர் வச்சுக்கிட்டு இருக்கான்."

பாரி விழுந்து விழுந்து சிரிப்பார். பெரிலும் கூண்டுக்குள் சிரிப்பாள். வாரம் முழுக்க மீன் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டுக் காட் மீன் அறுக்கிறவள் அவள். முப்பத்தைந்தை நெருங்கும் வயசு. அந்த வயசில் அந்த மாதிரிப் பாட்டுக் கேட்பதை எங்கள் தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. டெரிக் நல்லவன்தான். டிராலர் கப்பலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன். ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் கடலில் வெளிநாட்டுக் கப்பல்கள் மீன் பிடிக்கக் கூடாதென்று தடுத்தபிறகு கப்பல்கள் துறைமுகத்திலேயே துருப்பிடித்தன. அவனும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குச் சத்தம் ஆகாது. "எஞ்சின் ரூம்ல கேட்டது போதாதா?" என்பான். அவள் இசைத்தட்டுகளை அலமாரிக்கு மேலே போர்வைக்கு அடியில் வைத்திருந்தாள்.

வசந்தம் தொடங்கின ஒரு ஞாயிறு, பேச்சு வேறு பக்கம் திரும்பியது. உண்மையான ரசிகர் யார், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பாரி கேட்டார். கீத், பனி கொட்டும்போது லாரிகளில் தொற்றிக்கொண்டு நியூகாசில் வரை போய்க் கோல்டன் மைலைக் கேட்டுவிட்டு, காய்ச்சலோடு திரும்பின கதையைச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான்.

"ஜூன் கண்ணு, இதை மிஞ்ச முடியுமா?" என்றார் பாரி.

அவள் சொல்ல நினைத்திருந்தது வேறு ஏதோ வேடிக்கை. வாயில் வந்தது இது:

"சில வருஷம் முன்னாடி என் மாமியார் எங்க வீட்டுப் பின்னறையில சாகக் கிடந்தாங்க. நானும் நாத்தனாரும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டோம். அன்னைக்குச் சாயங்காலம் என் முறை. ராவன்ஷா சிட்டி ஹால்ல கச்சேரி பண்ண வந்திருந்தாங்க. டிக்கெட் முன்னாடியே வாங்கிட்டேன். நாத்தனார்கிட்ட, கம்பெனியில ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போயிட்டேன். நான் திரும்பி வரதுக்குள்ள அவங்க போயிட்டாங்க."

கீத்தின் குரல், கொஞ்சம் தயங்கி, "சரி, ஒத்துக்கறேன். இது உங்களுக்குத்தான்" என்றது. பாரி அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்.

பெரில் கூண்டிலிருந்து வெளியே வந்தாள். மூச்சு முன்னைவிடச் சுலபமாக வந்தது என்று அவளே பிற்பாடு சொன்னாள். பாதிரியாரிடம்கூடச் சொல்லாததை ஜூன் சொல்லிவிட்டாள். ஜூனை யாருக்குத் தெரியும்?

கீத்துக்குத் தெரிந்துவிட்டது. அவன் பஸ் டிரைவர். ஹெஸ்ஸில் ரோடு வழியாகப் போகும் வண்டி அவனுடையது. ஒரு காலை, மீன் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். அதில் ஒருத்தி, பூவுக்குப் பேர் வைக்கும் பாடகனைப் பற்றித் தோழியிடம் சொல்லிச் சிரித்தாள். அதே வார்த்தை, அதே சிரிப்பு. தோழி அவளை "சும்மா இரு பெரில்" என்றாள். கீத் கண்ணாடியில் பார்த்தான். சில வாரங்கள் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மே மாதத்தில் கோல்டன் மைலின் புது இசைத்தட்டு வந்தது. அது நன்றாக இல்லை. கீத்துக்கே அது தெரியும். அந்த ஞாயிறு பெரில் அவனை விடவில்லை.

"கீத், நெஞ்சில கைவச்சுச் சொல்லு. முழுசா கேட்டியா? தூங்கிட்டியா?"

"கேட்டேன்."

"எத்தனாவது நிமிஷத்துல தூங்கினே?"

பாரி சிரித்தார். பின்னால் யாரோ கை தட்டுவது கேட்டது. கீத்துக்கு முகம் சூடேறியது.

"நான் என் சொந்தப் பேர்ல பேசறேன்" என்றான். "நீங்க ஜூனும் இல்ல, ஜூலையும் இல்ல. உங்க பேர் பெரில். தினமும் காலையில என் பஸ்லதான் மீன் கம்பெனிக்குப் போறீங்க. நீங்க இறங்கினப்புறமும் அந்த வாசனை என் வண்டிய விட்டு இறங்க மாட்டேங்குது!"

பாரிக்கு அது வெறும் வேடிக்கை. "அடடே, குட்டு உடைஞ்சிடுச்சே! பெரிலா? அப்படியா பெரில்?" என்றார். பெரில் ரிசீவரை வைத்துவிட்டாள்.

நாத்தனார் ஐரீன் அடுத்த தெருவில் இருந்தாள். அவள் சமையலறையில் இஸ்திரி போடும்போது வானொலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஜூன் சொன்ன மாமியார் கதையை அவள் அன்றே கேட்டிருந்தாள். குரல் பழகின குரலாக இருக்கிறதே என்று நினைத்து, சேச்சே என்று தள்ளிவிட்டிருந்தாள். இப்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கிளம்பினாள்.

பெரில் எங்கெங்கோ சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது டெரிக் விழித்து உட்கார்ந்திருந்தான். ஐரீன் சுவரோரம் நின்றாள்.

"ஓவர்டைம்னு சொன்னே" என்றாள் ஐரீன்.

பெரில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அம்மா ரெண்டு தடவை உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. வேலையில இருக்கா, வந்துடுவாம்மான்னு சொன்னேன். பாவம் பெரில், உழைச்சுக் கொட்டறான்னு நெனச்சேன். நான் ஒரு முட்டாள்!"

"ஐரீன், நீ வீட்டுக்குப் போ" என்றான் டெரிக்.

அவள் போனபின் அவன் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தான். இரண்டு கோப்பை தேநீர் போட்டான். அவளுடையதை மேசையில் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான். அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியபோது கீத் சிரித்தபடி, "என்ன ஜூன், கோபமா?" என்றான். சிவந்த காதும் அம்மைத் தழும்புமாக, அவள் நினைத்ததைவிடச் சின்னவனாக இருந்தான்.

"நீதானா கீத்?"

"நானேதான். நேத்து கொஞ்சம் வாய் நீண்டுடுச்சு, மன்னிச்சுக்கங்க. ஆனா அந்த டிஸ்க்க நீங்க ரொம்பத்தான் கிண்டல் பண்ணீங்க."

"மாமியார் கதை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் வந்தது. கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

"என் வீட்டுக்காரர் அப்ப கடல்ல இருந்தார். அவருக்கு இது தெரியாது. நேத்து வரைக்கும்."

"நான் அதை நெனைக்கவே இல்ல. சத்தியமா. நான் வெறும் பாட்டப் பத்தித்தான்..."

"நானும் வெறும் பாட்டுன்னுதான் நெனச்சேன்" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் கம்பெனியில் அவளை எல்லாரும் ஜூன் என்றே கூப்பிட்டார்கள். சிலர் விளையாட்டாக, சிலர் அப்படியில்லாமல். ஐரீனைத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய. ஒருத்தி அவள் பக்கத்தில் நின்று மீன் அறுக்க மாட்டேன் என்று இடம் மாறிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு டெரிக் தூங்கவில்லை. வறுத்த மாட்டிறைச்சி தட்டில் ஆறிக்கிடந்தது. அவன் எழுந்து போய் வானொலியைப் போட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினான். பெரில் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

பாரி உற்சாகமாக ஆரம்பித்தார். "நம்ம ஜூன் எங்கே? பெரில் எங்கே? யாரா இருந்தாலும் லைனுக்கு வாங்க!" நாலைந்து சிறுவர்கள் பேசினார்கள். பிறகு கீத் வந்தான். குரல் இறுகியிருந்தது, எழுதிவைத்து வாசிப்பவன்போலப் பேசினான்.

"பாரி, ஒரு விஷயம் சொல்லணும். போன வாரம் நான் சொன்ன பேர் தப்பு. அந்தம்மா ஜூன் இல்ல. பஸ்ல நேர்ல கேட்டேன். அவங்க வேற யாரோ. அவங்களுக்கு ராவன்ஷான்னா என்னன்னே தெரியாது. அவங்ககிட்டயும் அவங்க வீட்டுக்காரங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அப்போ ஜூன் யாரு?"

"தெரியாது. ஊருக்கு வெளியில இருந்து பேசறவங்களா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீத் வைத்துவிட்டான்.

டெரிக் வானொலியை அணைத்தான்.

"அவன் சொல்றது நிஜமா?" என்றான். அந்த வாரத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. "ஐரீனுக்குக் காது சரியில்லன்னு எனக்குத் தெரியும். ரேடியோவுல எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீ இல்லன்னா இல்லன்னு சொல்லிடு பெரில். நான் ஐரீன்கிட்டப் பேசிக்கறேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை, மேசைவிரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்ற ஒரு வார்த்தைக்காக அவன் காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் நம்பிவிடுவான். நம்புவதாக முடிவே செய்துவிட்டான். ஐரீனை எப்படிச் சமாளிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தான். அலமாரிக்கு மேலே இருக்கும் இசைத்தட்டுகளை மறுநாளே யாருக்காவது கொடுத்துவிடலாம்.

"நான்தான்" என்றாள் பெரில். "நான்தான் பேசினேன். அன்னைக்குப் போனதும் நான்தான்."

அவன் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா போனது எனக்குக் கப்பல்லதான் தெரிஞ்சுச்சு" என்றான் கடைசியில். "ரேடியோ ரூம் பையன் வந்து சொன்னான். திரும்பி வர வழியில்ல. வலையில மீன் கெடக்கு, இழுக்கணும். இழுத்தேன். அப்புறம் ஐரீன் சொன்னா, அந்த நேரத்துல பெரிலும் வேலையிலதான் இருந்தான்னு. எனக்கு அது எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? நான் அங்க மீனோட நிக்கறேன், நீ இங்க மீனோட நிக்கறே. ரெண்டு பேராலயும் வர முடியல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டேன். இத்தனை நாளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"டெரிக்..."

"இப்ப நான் மட்டும்தான்."

அவள் அழுதாள். அவன் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆறிப்போன தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினான்.

ஜூன் மாதம் பாதியில், நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குக் காவல் நிற்கும் படகு ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. டிராலர்காரர்கள் பலரும் அவமானம் என்று மறுத்த வேலை. அவன் அன்றே கையெழுத்துப் போட்டான். பல வாரங்கள் கடல், பிறகு கொஞ்ச நாள் வீடு. பெரிலிடம் தேதியைச் சொன்னான், பையை அவனே அடுக்கிக்கொண்டான்.

அவள் பிறகு பாரிக்குப் போன் செய்யவில்லை. கீத்தும் நிறுத்திவிட்டான் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். அவன் வண்டி வந்தால் அவள் அடுத்த வண்டிக்கு நின்றாள். ஒருமுறை வேறு வழியில்லாமல் ஏறினாள். அவன் காசு வாங்க மறுத்தான். அவள் காசைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐரீன் அவளோடு பேசவே இல்லை.

ஆகஸ்டு கடைசியில் டெரிக் இரண்டாம் முறை வீடு திரும்பினான். தாடி வளர்ந்திருந்தது. கடைக்குப் போய் மீனும் சிப்ஸும் வாங்கிவந்தான். இருவரும் காகிதத்தில் வைத்தே சாப்பிட்டார்கள். படகில் ஒரு பையன் ராவன்ஷா பாட்டை ஓயாமல் போடுகிறான், சமையல்காரர் அந்த டேப்பைக் கடலில் எறியப்போவதாக மிரட்டுகிறார் என்று சொன்னான். பெரில் லேசாகச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "அன்னைக்கு அந்தக் கச்சேரி எப்படி இருந்துச்சு?"

சுமாராக இருந்தது, பாதியிலேயே வந்துவிடலாம் என்று தோன்றியது, மாமியார் ஞாபகமாகவே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு டெரிக்" என்றாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்த நேரத்துல நான் யாரையும் நெனைக்கல."

டெரிக் தலையை ஆட்டினான். காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டான். "சரி" என்றான். பிறகு மாடிக்குப் போனான். அம்மா படுத்திருந்த பின்னறைக் கட்டிலில்தான் அவன் அந்த முறையும் படுத்துக்கொண்டான்.