மச்சான் கேட்காத சேனல்

1.

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவர்தான் இதை எழுதுகிறார். ‘நான்’ என்றுதான் முதலில் தொடங்கினார். கை கூசியது, அடித்துவிட்டு ‘எழுத்தாளர்’ என்று போட்டுக்கொண்டார். அந்த மரியாதையும் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் தொடக்கம்: ‘தொலைக்காட்சிக் கட்டண விதிகள் மாறிய அந்த மாதத்தில், நகரத்து வீடுகளில் ஒரு புதிய—’

வேண்டாம். அவர் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையின் வாடை அடிக்கிறது. சேனல்களை மூட்டையாகக் கட்டி விற்கக் கூடாது, வேண்டியதற்கு மட்டும் மக்கள் காசு கொடுத்தால் போதும் என்று விதி வந்ததும், ‘இனி வீட்டுச் செலவு குறையும்’ என்று அடித்துச் சொல்லியிருந்தார். கேபிள் நிறுவனமோ அங்கே விட்டதை இணையக் கட்டணத்தில் பிடித்துக்கொண்டது. ஊருக்குச் சொன்ன ஜோசியம் சொந்த வீட்டிலேயே பலிக்கவில்லை.

3.

ஆகவே, எதை வைப்பது, எதை வெட்டுவது என்று குடும்பம் கூடி உட்கார்ந்தது. மனைவிக்குத் தொடர்கள், மகளுக்குப் பாட்டு, எழுத்தாளருக்கு வேகமான இணையம். (‘ஆராய்ச்சிக்கு’ என்றார். மற்ற எழுத்தாளர்கள் வாங்கிய விருதுகளைத் தேடிப் பார்ப்பதற்கு அப்படி ஒரு பெயர்.)

மிச்சம் இருந்தவர் மச்சான், மனைவியின் அண்ணன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் முதுகு போய், முன்னறையில் வந்து தங்கியிருப்பவர். பச்சை மேஜையில் நீளக் கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஆட்டத்தை ஒரு சேனலில் காட்டுவார்கள், அதைத்தான் பார்ப்பார். ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. “யாரும் கத்தறதில்ல, அதான்” என்பார்.

மூட்டையாக வந்த வரையில் அதை யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. இப்போது வாய் திறந்து ‘எனக்கு இது வேணும்’ என்று சொல்லியாக வேண்டும். தங்கை வீட்டில் ஒண்டியிருப்பவருக்கு அது எத்தனை கஷ்டம் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

“அண்ணா, உனக்கு?” என்றாள் மனைவி.

மச்சான் தொண்டையைச் செருமினார். “அந்தப் பந்து ஆட்டம்...”

எழுத்தாளர் முந்திக்கொண்டார். “அதுக்குமா மச்சான் காசு? குச்சியால உருண்டைய இடிக்கறதப் பாக்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். “சும்மா கேட்டேன் மாப்பிள்ளை. எனக்குக் கண்ணே சரியில்ல.”

இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல நகைச்சுவை என்று நினைத்து மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

4.

மச்சான் சாயங்காலங்களில் நடக்கப் போகத் தொடங்கினார். நேற்று எழுத்தாளர் அவரைக் கடைத்தெருவில் பார்த்தார். டிவி விற்கும் கடையின் கண்ணாடிக்கு வெளியே, இடுப்பில் கையை ஊன்றியபடி பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வந்து ஏதோ சொன்னார். மச்சான் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி பார்த்தார்.

[இந்த இடத்தில், எழுத்தாளர் ஓடிப்போய் அவர் தோளில் கை போட்டதாக ஒரு பத்தி இருந்தது. பொய். எதிர்ச்சாரிக்கு மாறி, கைபேசியில் பேசுவதுபோல் நடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.]

5.

இன்று காலை சத்தமில்லாமல் அந்தச் சேனலைச் சேர்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபம். மத்தியானம் மச்சான் டிவியைப் போட்டார், பச்சை மேஜை வந்தது. எழுத்தாளர் பக்கம் திரும்பினார்.

“நேத்து கடைத்தெருப் பக்கம் வந்திருந்தீங்களா மாப்பிள்ளை?”

“இல்லையே மச்சான்.”

மச்சான் டிவியை அணைத்துவிட்டுப் பையை எடுத்தார். கூட வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இடம் இருக்கிறதாம்.

எழுத்தாளர் உள்ளறைக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறார். முடிவு ஒன்று: மனைவி தடுத்துவிடுகிறாள். (அவள் வேலைக்குப் போயிருக்கிறாள்.) முடிவு இரண்டு: மச்சான் தானே மனம் மாறி— அவர் எதற்கு மாற வேண்டும்?

அறை வாசலில் குரல். “எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. தங்கச்சி வந்தா சொல்லிடுங்க.”

அவரை நிறுத்த ஒரு வார்த்தை போதும். இவ்வளவு எழுதியவருக்கு அது வரவில்லை, வெட்கம் வாயை அடைக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? சீக்கிரம் சொல்லுங்கள், செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.