லவ்டேவுக்குப் போட்ட நாற்காலி

"செத்தப்புறம் என்னை மறுபடி பார்ப்போம்னு லவ்டே நம்பினாளா?"

மிஸ்டர் நான்ஸ் என்னிடம் இப்படிக் கேட்டது எங்கள் நியூலின் ஊர் மீன் சந்தைக்கு எதிரே, மனைவி லவ்டேவை அடக்கம் செய்த மறுவாரம். என் கையில் ஈரமான நாய் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. பதில் எனக்குத் தெரியும். லவ்டேயே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். நாயை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

லவ்டே போனபிறகு நாங்கள் மூன்று பேர்தான். நாய்களைக் குளிப்பாட்டும் கடை வைத்திருக்கும் வென்னா, பென்சான்ஸ் பஸ் ஓட்டும் ஜேகோ, வென்னாவின் கடையில் வேலை செய்யும் நான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடைக்குப் பின்னால் வென்னாவின் சமையலறையில் வட்டமாக நிற்போம். ஊர் எங்களை என்னென்னவோ சொல்லும். பழைய தேவியைக் கும்பிடும் நாங்கள் எங்களைச் சொல்லிக்கொள்வது விட்ச் என்று. ஆணுக்கும் அதே சொல்தான். யாராவது ஜேகோவை மந்திரவாதி என்றால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மந்திரம் தெரிஞ்சா நான் ஏன்யா பஸ் ஓட்டுறேன்?" என்பார்.

வென்னாவுக்குத் தேவி அடுப்பிலிருக்கும் கெட்டிலைப் போல நிஜம். ஜேகோவுக்குத் தெய்வமெல்லாம் நம் மண்டைக்குள்.

"மண்டைக்குள்ள இருக்கிறவளுக்கு எதுக்குடா கேக் வாங்கிட்டு வர்றே?" என்று வென்னா கேட்பார்.

"அவளுக்கும் பசிக்குமில்லக்கா."

எனக்கு எதுவும் முடிவாகத் தெரியாது. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. என்ன நம்புகிறாய் என்று எங்களில் ஒருவரை ஒருவர் துருவுவது கிடையாது. சேர்ந்து விளக்கேற்றுகிறோமா, அது போதும்.

லவ்டே வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மிஸ்டர் நான்ஸ் சேப்பலில், அதாவது ஊரின் சிறு தேவாலயத்தில், ஆர்கன் வாசிப்பவர். பௌர்ணமி தவறாமல் மனைவியை வேனில் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். பிளாஸ்க்கில் டீ வைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை வேனிலேயே உட்கார்ந்திருப்பார். சாமி பற்றிப் பேசினால் சண்டை வரும் என்று இரண்டு பேரும் பேசாமலே குடும்பம் நடத்திவிட்டார்கள். இப்போது சேப்பல் போதகர், "அந்த மாதிரி ஆட்கள் நாம போற இடத்துக்கு வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டாராம். மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. கேட்க லவ்டே இல்லை. அதனால் கூட்டம் முடிந்ததும் லவ்டேவோடு கப் கழுவிவந்த என்னிடம் வந்து கேட்டார். நானும் ஓடிவிட்டேன்.

அக்டோபர் கடைசி நாள் எங்களுக்கு வருடம் முடிகிற நாள். அன்று மாலை மௌன விருந்து. அந்த வருடம் இறந்தவருக்கு ஒரு நாற்காலி, ஒரு தட்டு. சாப்பிட்டு எழும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

வென்னா போய் மிஸ்டர் நான்ஸை அழைத்துவிட்டு வந்தார். "வரமாட்டாராம். செத்தவங்களைக் கூப்பிடுறது பாவமாம். நாங்க யாரையும் கையைப் பிடிச்சு இழுக்கலய்யா, தட்டு போட்டு வைக்கிறோம், அவ்வளவுதான்னேன். பேசாம உட்காரணும், வேற சட்டம் இல்லன்னேன். கதவைச் சாத்திட்டார்."

"கெர்ராவுக்குன்னே செஞ்ச பண்டிகை இது," என்றார் ஜேகோ என்னைக் காட்டி. "வருஷத்துல ஒருநாள் நாமெல்லாம் இவளா மாறிடுறோம்."

"சும்மா இருடா. அவ பேச ஆரம்பிச்சா நீ தாங்கமாட்டே."

வென்னா, கறியும் காயும் மாவுக்குள் வைத்து மடிக்கும் பாஸ்டி சுட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதைச் சாப்பிடுபவரின் பெயரின் முதல் எழுத்து. லவ்டேவின் எழுத்து போட்டதை அவர் தட்டில் வைத்து, நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினோம். மெழுகுவர்த்தி ஏற்றியதோடு பேச்சு நின்றது.

ஜன்னலுக்கு வெளியே வேன் வந்து நின்றது. எந்த இடத்தில் எப்போதும் நிற்குமோ, அங்கேயே. நாங்கள் பாஸ்டியைப் பிட்டு வாயில் வைக்கும்போது கதவு திறந்தது.

சேப்பலுக்குப் போடும் கோட்டோடு மிஸ்டர் நான்ஸ் நின்றார். மேசையைப் பார்த்தார். காலியாக இருந்தது ஒரே நாற்காலி. கறுப்புத் துணியை எடுத்து, அழகாக நான்காக மடித்து, பக்கத்தில் வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார்.

வென்னாவின் முகம் சிவந்தது. கண்ணால், கையால், புருவத்தால் எழுந்திருக்கச் சொன்னார். மிஸ்டர் நான்ஸ் மரியாதையாகத் தலையாட்டி, தண்ணீர் ஜாடியை எடுத்து அவரிடம் கொடுத்தார். ஜேகோவின் தோள்கள் குலுங்கின. வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டார்.

பிறகு மிஸ்டர் நான்ஸ் குனிந்து தட்டைப் பார்த்தார். பாஸ்டியின் ஓரத்தில் இருந்த எழுத்தை விரலால் தொட்டார். யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்து எழப்போனார். எழுந்தால் நேரே வேனுக்குத்தான். இனி ஒருநாளும் வரமாட்டார்.

"சொன்னாங்க," என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. வென்னாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மிஸ்டர் நான்ஸின் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"செத்தவங்க இளைப்பாற ஒரு இடம் இருக்கு, அப்புறம்தான் திரும்பப் பிறப்பாங்கன்னு லவ்டே நம்பினாங்க. ஆனா அவசரமாப் பிறக்கப் போறதில்லன்னு சொன்னாங்க. இந்த ஜன்னல்கிட்ட நின்னு உங்க வண்டியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. 'இத்தனை வருஷம் அந்தக் கிழம் எனக்காக வெளியே காத்துக் கிடந்திருக்கு. அங்க நான் காத்திருக்கேன். அவர் வந்தப்புறம் எங்க போறதுன்னு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிறோம்'னாங்க."

மேசைக்கு அடியில் வென்னாவின் கை வந்து என் முழங்காலை அழுத்தியது.

மிஸ்டர் நான்ஸ் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். பாஸ்டியைப் பிளந்தார். உள்ளே இருந்த டர்னிப் கிழங்குத் துண்டுகளை முள்கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். லவ்டேவுக்கு டர்னிப் ஆகாது. ஒதுக்கியதை மட்டும் அவர் எடுத்துச் சாப்பிட்டார், ஒரு துண்டு விடாமல். அவசரப்படவில்லை. கண்ணீர் மூக்கின் நுனிவரை வந்ததையும் துடைக்கவில்லை.

முடித்ததும் எழுந்தார். மீதிப் பாஸ்டியை லவ்டேவுக்காக நேராக வைத்தார். மடித்த கறுப்புத் துணியை உதறி நாற்காலிக்கு மறுபடி போர்த்தி, மடிப்பை நீவிவிட்டார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தவர், வென்னாவின் சட்டம் நினைவுக்கு வந்தது போல மூடிக்கொண்டார். என் தலைமேல் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு கதவை ஓசைப்படாமல் திறந்துகொண்டு போனார்.