அக்கா போட்டுவந்த ஷூ

அக்கா ஷூ போட்டு நான் பார்த்ததே இல்லை. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். எங்கே போனாலும் அதே ரப்பர் செருப்புதான். அன்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் வீட்டுக்காரருடைய பழைய கறுப்பு ஷூ காலில் தொளதொளவென்று கிடந்தது.

"என்னக்கா, மாமா ஷூவ மாட்டிட்டு வந்திருக்க?"

"ஏன், நான் போட்டா தேஞ்சிடுமா? நட."

அவள் நடக்கிற வேகத்துக்குத் தெருவில் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் லிஃப்ட் மெக்கானிக். இப்போது ஒரு மாடி ஏறவே மூச்சு வாங்குகிறது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துதான் உயிர் ஓடுகிறது. அதற்கும் கையில் ஊசி ஏற்ற நல்ல இடம் கிடைக்கவில்லை. அக்காவுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று தெரிந்த அன்று என் மனைவி ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆனால் முதல் சோதனையில் அக்காவுக்குப் பிரஷர் ஏறியிருந்தது. யூரிக் ஆசிடும் அதிகம்.

"உங்க அப்பாவுக்கும் இது ரெண்டும் இருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இருந்துச்சு டாக்டர். எனக்கும் இதுலதான் ஆரம்பிச்சுது."

"சில குடும்பத்துல ரெண்டும் சேந்தே வரும். ஜீன்லயே இருக்கும். பயத்துலயும் பிரஷர் ஏறும், அதனால இன்னொரு தடவ பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா இவங்க கிட்னிய எடுக்க மாட்டோம். நாளைக்கு இவங்களும் உங்க நிலைமைக்கு வந்துடக்கூடாதில்லையா?"

அதற்கப்புறம் அக்கா தினமும் என்னைப் பார்க்க வந்தாள். நீர் பிரிய நான் போடும் மாத்திரை, பிரஷரையும் இறக்குவது, சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. மறதியில் நான்தான் இரண்டு முறை போட்டுக்கொள்கிறேன் என்று மனைவி திட்டினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஷூ போட்டு வந்த அன்றுதான் அந்த இரண்டாவது சோதனை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை மெதுவாக, கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல், தரையில் வைத்தாள். அப்பா அப்படித்தான் வைப்பார். இதே மாத்திரையைக் கொடுத்தபோதுதான் யூரிக் ஆசிட் இன்னும் ஏறி அவருக்குக் கால் கட்டைவிரல் முதலில் வீங்கியது. போர்வை நுனி பட்டாலும் அலறுவார்.

நர்ஸ் அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார்.

நான் குனிந்தேன். "அக்கா, கால காட்டு."

"எழுந்திரு. ஷூ கடிக்குது, அவ்வளவுதான்."

"என் மாத்திரைய நீதான் எடுத்தியா?"

"வாயத் திறந்த, கொன்னுடுவேன்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு குரல் இறங்கியது. "ஒரே ஒரு தடவ கம்முனு இருடா. இன்னிக்கு மட்டும்."

"பேசாதீங்கம்மா," என்றார் நர்ஸ்.

சும்மா இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். அந்த நிமிஷம் எனக்கு அந்த ஆசைதான் முதலில் வந்தது.

பிரஷர் மெஷின் உறுமத் தொடங்கியது. பட்டை அவள் கையை இறுக்கியது. என் விரல்கள் ஷூ கயிற்றின் முடிச்சின்மேல் இருந்தன. உள்ளேயிருந்து வீங்கிய காலின் சூடு ஷூவின் தோலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கை என் தலைமேல் வந்து, முடியைக் கொத்தாகப் பிடித்தது.