வைப்பாற்றில் ஏறிய மூணாவது கனம்

அந்த மார்கழி மத்தியானம் வைப்பாற்றில் இரண்டு பேர் ஏறிப்போன தெப்பம், மூன்று பேர் கனத்தோடு கரை திரும்பியது. சாத்தூர்ப் பாலத்தில் வெள்ளம் பார்க்க நின்ற நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். ஆளுக்கொரு சந்தேகத்தோடு வீடு போய்ச் சேர்ந்தோம்.

தெப்பம் என்றால் நாலு லாரி டியூப்பைக் கட்டி மேலே பலகை போட்டது. எங்கள் ஆற்றில் கரைமுட்டத் தண்ணீர் வருவதே அபூர்வம், படகுக்கு எங்கே போவது? துடுப்புப் போட்டவன் தங்கப்பாண்டியன். எதிரே உட்கார்ந்தவன் அவன் தங்கச்சி நாகஜோதியின் புருஷன் பெத்தணன். அந்த வெள்ளத்துக்கு மூன்று வருஷம் முன்னால் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி அறை வெடித்ததில் நாகஜோதி போய்விட்டாள். அதே அறையில் வேலை பார்த்த பெத்தணன் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை. ஐந்து நிமிஷம் முன்னால் வெளியே போயிருந்தான். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனேன் என்றான். நம்புகிற மாதிரியா இருக்கிறது? யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறக்காமல் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். அதையும் சந்தேகப்பட்டோம்.

அவள் சாம்பலைக் கரைக்க ஆற்றில் அன்று சொட்டுத் தண்ணீர் இல்லை. பாலத்தை ஒட்டி மணலில் குழி தோண்டிக் கொட்டி, கேன் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு வந்தோம். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். பாவம், அவள் எங்கேயும் போகாமல் அங்கனயே கிடந்திருக்கிறாள்.

'சும்மா ஒரு சுற்று' என்று கூட்டிப்போன தங்கப்பாண்டியன், சரியாக அந்த இடத்துக்கு மேலே துடுப்பை நிறுத்தினான். பெத்தணனுக்கு நீச்சல் தெரியாது.

"உண்மையைச் சொல்லுலே. அன்னைக்கு எதுக்கு வெளிய போன?"

"தண்ணி எடுக்கத்தான் மச்சான். தாகமா இருக்குன்னு அவதான் சொன்னா. நம்பலன்னா தள்ளிவிட்ருங்க."

தங்கப்பாண்டியன் துடுப்பை ஓங்கினான். மேலே நின்ற நாங்கள் ஒருவரும் சத்தம் போடவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அப்போது பலகை ஓரத்தில் ஈரமாக ஓர் உள்ளங்கை பதிந்தது. பட்டாசு அறைக்குள் போகிறவர்கள், உடம்பில் சேர்ந்த மின்சாரம் மருந்தில் பொறி வைக்காமல் இறங்கட்டும் என்று வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். நாகஜோதி அதே பழக்கத்தில் தொட்டுவிட்டு ஏறியிருக்கிறாள். தெப்பம் ஒரு சாண் அமுங்கியது. பெத்தணன் மடியிலிருந்த பாட்டிலின் மூடி கழன்று, தண்ணீர் மடக் மடக்கென்று காலியானது. சுற்றிலும் அம்புட்டு வெள்ளம் ஓட, அவள் அந்த ஒரு பாட்டிலைத்தான் குடித்தாள். ஓங்கிய துடுப்பை இறக்கிய தங்கப்பாண்டியன் கரை வரைக்கும் அழுதுகொண்டே துழாவினான்.

பாட்டிலில் ஓட்டை என்றார் டீக்கடை லட்சுமிகாந்தம். வாங்கி நிரப்பி மூன்று நாள் கடையில் தொங்கவிட்டார். சொட்டவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளம் வடிந்து இரண்டு வருஷமாகிறது. பெத்தணன் வீட்டு வாசல் நிலையில் ஒரு செம்புத் தகடு அடித்திருக்கிறான். சாயங்காலமானால் அதில் ஈரக் கை பதிகிறது. விடிந்தால் பாட்டில் காலியாக இருக்கிறது. தங்கப்பாண்டியன் தினமும் வேலைக்குப் போகிற வழியில் அந்தத் தகட்டைத் தொட்டு உள்ளே போய், பாட்டிலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போகிறான்.