தூண்டிலில் இரண்டு பேர்

செசாபா மேல் ஒரு பழி விழுந்தது. அது விழுந்ததையும், பிறகு இறங்கியதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தது இதுதான்.

வரைபடத்தில் வால் ஆறு என்று போட்டிருக்கும். நாங்கள் லேக்வா என்போம். ஃபெரீனிகிங் நகரத்துப் பாலத்துக்குக் கீழே, வில்லோ மரங்கள் சாய்ந்து கிடக்கிற கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட உட்காருவோம். மீன் விற்கிற ஆட்கள் இல்லை நாங்கள். செசாபா வாரமெல்லாம் பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைப்பவன். நான் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. என் வீட்டுக்காரர் ஞாயிறு முழுக்கக் கால்பந்து பார்ப்பார். நான் கம்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிடுவேன். பொம்பளைக்கு எதுக்குத் தூண்டில் என்று கேட்டவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

அன்று செசாபா கெண்டைக்கு இரை பிசைந்துகொண்டிருந்தான். வேகவைத்த மக்காச்சோள மாவு, அதில் சோம்புத் தூள், அப்புறம் என்னவோ ஒரு வாசனைச் சொட்டு. அது என்னவென்று எனக்கும் சொல்ல மாட்டான்.

"என்னடா, மீனுக்கா சமைக்கிற, மாமியாருக்கா?" என்றேன்.

"மாமியாருக்குன்னா இவ்வளவு பக்குவம் பார்ப்பேனாக்கா?"

தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மேலே மழை அதிகம் என்று அணையின் மதகுகளைத் திறந்திருந்தார்கள். ரேடியோவில் முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். வழக்கமான ஈயக்குண்டு அடியில் நிற்கவில்லை. செசாபா ஒன்றுக்கு இரண்டாகக் கட்டி வீசினான்.

அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது. வெள்ளை அங்கியும் நீல இடுப்புக்கயிறுமாக ஒரு சபை. மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே வந்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். விடிய விடிய ஜெபித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. முன்னால் கோலை ஊன்றிக்கொண்டு போதகர் ரலெபிட்சோ. நெடிய மனிதர். வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். எங்களுக்கு ஐம்பது அடி மேலே, கரை சரிந்து இறங்குகிற இடத்தில் நின்றுகொண்டார்கள். மேளம் இன்னும் உரத்தது.

செசாபாவுக்கு அன்று காலையிலிருந்தே ஒரு மீன் இரையைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தது. பொறுமை போய்விட்டது. எழுந்து போனான்.

"போதகரே, கொஞ்சம் மேல தள்ளிப் போய் அடிக்கச் சொல்லுங்க. மீனெல்லாம் அக்கரைக்கு ஓடுது."

"ஓடட்டும் தம்பி. அக்கரையிலயும் பசிக்கிற ஆளுங்க இருக்காங்க."

சபை சிரித்தது. செசாபாவுக்கு முகம் இறுகிவிட்டது. "ஆறு என்ன உங்க அப்பன் வீட்டுத் தொட்டியா?"

"ஆமா, என் அப்பன் வீட்டுதுதான்." போதகர் விரலை வானத்துக்குத் தூக்கினார். அவர் கோபமாகப் பேசவில்லை, அவருக்கு விளையாட்டு. "உனக்கும் அவர்தான் அப்பன். வா, உன்னையும் ஒரு முக்கு முக்கி எடுத்துடறேன்."

"முக்குவீங்க, முக்குவீங்க. ஒரு நாள் ஆறு உங்கள முக்கப் போவுது பாருங்க."

வாயில் வந்த வார்த்தை. அதை அத்தனை பேரும் கேட்டார்கள். சிரிப்பு நின்றுபோனது. நான் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வரும்போது திரும்பி, "போதகரே, இன்னிக்குத் தண்ணி இழுக்குது. முழங்காலுக்கு மேல எறங்காதீங்க" என்று சொன்னேன்.

"இந்த எடம் எனக்குப் பழக்கம், மோசா அம்மா" என்றார். "இருந்தாலும் பார்த்துக்கறேன்."

பார்த்துத்தான் இறங்கினார். இடுப்பு நனையாமல்தான் நின்றார். முதலில் ஒரு கிழவர் முங்கி எழுந்தார், பிறகு ஒரு தாயும் மகனும். நான்காவதாக இறங்கியவள் புசெலெட்சோ. பத்தொன்பது, இருபது வயதிருக்கும். போதகர் அவளைப் பின்னால் சாய்த்தபோது, காலடியில் மணல் கரைந்ததோ என்னவோ, இருவரும் ஒன்றாக மறைந்தார்கள். எழுவார்கள் என்று மேளம் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. எழுந்தது இருபது அடி தள்ளி, ஆற்றின் நடுவில். போதகர் அவளை ஒரு கையால் அணைத்திருந்தார். அங்கியெல்லாம் காற்றடைத்த பை போல ஊதி மிதந்தது.

அவர்கள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குள் யாரும் நீந்திப் போகக்கூடிய தண்ணீர் இல்லை அது. கத்துவதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மீன் கடித்தால் தெரிய மணி கட்டி நட்டிருந்த கம்பைச் செசாபா பிடுங்கி, தூண்டில் நரம்பைச் சுருட்டி, இரையும் ஈயமும் தொங்கத் தொங்க உடம்பை வளைத்து வீசினான். அவர்களுக்கு அப்பாலும் கொஞ்சம் முன்னாலும் போய் விழுந்தது. தங்கூஸ் நரம்பு சரியாக அவர்கள் மேல் படிந்தது.

"புடிங்க! சுத்துங்க! கையில சுத்துங்க!"

போதகர் பிடித்தார். அவர் அதைத் தன் கையில் சுற்றாமல் அந்தப் பெண்ணின் கையில் சுற்றுவதை நான் கண்ணால் பார்த்தேன். சுற்றிவிட்டு, அதற்குமேல் நரம்பைத் தானும் பிடித்துக்கொண்டார்.

கெண்டைக்குப் போடுகிற நரம்பு அது. இரண்டு ஆளை அந்த வெள்ளத்தில் நிறுத்தாது. செசாபாவுக்கு அது தெரியும். இழுத்தால் அறுந்துவிடும் என்று இழுக்காமல், ரீலைத் தளர்த்திவிட்டு, பெரிய மீனோடு நடப்பது போலக் கரையோடு கூடவே நடந்தான். நடை ஓட்டமானது. ரீல் கதறிக்கொண்டே போனது. அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் வெள்ளை அங்கிகள். கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கரைப் பக்கம் ஒதுங்கி வந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் கிடைத்திருந்தால் இரண்டு பேரும் கிடைத்திருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் கரை முடிந்துவிட்டது. படகுக்காரர்களின் கற்சுவர் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நிற்கிறது அங்கே. அதைத் தாண்டி நடக்க வழியில்லை. ரீலில் நரம்பும் தீர்ந்து, அடியில் இரும்பு தெரிந்தது. செசாபா சுவரில் காலை உதைத்துக்கொண்டு நின்றான். கம்பு வில்லாக வளைந்தது.

தண்ணீருக்குள் இருந்தவருக்கும் அந்தச் சுவர் தெரிந்திருக்கும்.

கம்பு சற்றே நிமிர்ந்தது. நான் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. ஒரு பாரம் மட்டும் குறைந்திருந்தது. ஒரு வெள்ளை அங்கிக் கை சுவரோரத்துச் சுழலைத் தாண்டிப் போவது தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. மீந்த பாரம் அரைவட்டமாகச் சுற்றி, சுவருக்கு இந்தப் பக்கம் நாணல்களுக்குள் வந்து சேர்ந்தது. சபை ஆட்கள் கைகோத்து இறங்கி அவளைத் தூக்கினார்கள். நரம்பு அவள் மணிக்கட்டை எலும்பு வரை அறுத்திருந்தது. மூச்சு இருந்தது.

போதகரின் உடல் மூன்றாம் நாள் கீழே தடுப்பணைப் பக்கம் கிடைத்தது.

அடக்கத்துக்குச் செசாபா போகவில்லை. போகக் கூடாது என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் வாயில் வந்த அந்த வார்த்தையை அதற்குள் ஊர் தூக்கிக்கொண்டு அலைந்தது. சாபம் போட்டான், பலித்துவிட்டது என்றார்கள் சிலர். கம்பை உதறி அவரைக் கழற்றிவிட்டான் என்றார்கள் மற்றவர்கள். முள்ளில் வேண்டாத மீனை உதறுவது போல உதறினானாம். சுவருக்கு அந்தப்புறம் நின்றவனெல்லாம் பார்த்ததாகச் சொன்னான். நான் சொன்னது எடுபடவில்லை. "நீ அவன் கூட்டாளிதானே" என்று வாயை அடைத்தார்கள். புசெலெட்சோ ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரிடமும் பேச்சில்லை. கேட் செய்யச் சொல்லியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். செசாபா கம்புகளை அலமாரிக்கு மேல் போட்டுவிட்டான்.

"அக்கா, நான் உதறுனேனா?" என்று என்னிடமே ஒரு நாள் கேட்டான்.

"பைத்தியம் மாதிரி பேசாதடா. நான் பக்கத்துல நின்னேன்."

"எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்குக்கா."

அதைக் கேட்டதும்தான் பயந்தேன். அடுத்த ஞாயிறு மதியம் அவனை வலுக்கட்டாயமாக ஆற்றுக்குக் கூட்டி வந்தேன். தண்ணீர் வடிந்து, ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. கம்பை நட்டுவிட்டு அவன் மணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பாலத்துப் பக்கமிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். தலையில் கறுப்புத் துணி, தோளில் ஊசி குத்திய கறுப்புச் சால்வை. போதகரின் மனைவி, லினேயோவின் அம்மா. துக்கத் துணி போட்டவள் இப்படித் தனியாக வெளியே நடமாடக் கூடாது. பார்த்தால் ஊர் பேசும். அவள் நேராக வந்து செசாபாவுக்கு எதிரில் நின்றாள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"உக்காரு" என்றாள். அவளும் என் பெட்டி மேல் உட்கார்ந்தாள். "நான் சண்டை போட வரல. ஒண்ணு கேக்கணும். உன்னைத் தவிர யாரையும் கேக்க முடியாது."

"கேளுங்கம்மா."

"அவர் கை நழுவிடுச்சா? இல்ல, அவரா விட்டாரா?"

செசாபா என்னைப் பார்த்தான்.

"சபையில விட்டாருன்னுதான் பேசிக்கறாங்க" என்று அவளே தொடர்ந்தாள். "நீ உதறினன்னு சொல்ற அதே வாய்தான், அவர் உயிரைக் குடுத்தாருன்னும் சொல்லுது. ரெண்டும் எப்படிச் சரியா வரும்? படத்தைப் பெருசா போட்டு மாட்டப் போறாங்களாம். எனக்குப் படம் வேணாம். எனக்கு நடந்தது வேணும். பொய் சொல்லி ஆறுதல் சொல்லாத. ஆறுதல் சொல்ல வீடு நிறைய ஆளிருக்கு."

அவன் கம்பை எடுத்தான், நரம்பைச் சுருட்டி, முள்ளைக் கத்தரித்துப் போட்டுவிட்டுக் கம்பை அவள் கையில் கொடுத்தான். நரம்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

"இறுக்கிப் புடிங்கம்மா. இப்ப நான் நழுவ விடறேன்."

நரம்பை விரலிடுக்கில் வெட்டென்று நழுவவிட்டான். கம்பு துள்ளி நடுங்கியது. அவள் கையும் நடுங்கியது.

"தெரிஞ்சுதா? நழுவினா உதறும். கை வரைக்கும் வரும்." மறுபடி முனையைப் பிடித்து இழுத்தான். "இப்பப் பாருங்க."

இந்த முறை மெல்ல, மெல்ல இளக்கினான். கம்பு சத்தமில்லாமல் நிமிர்ந்தது. எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை.

"அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சும்மா" என்றான். "நரம்பு அந்துடக் கூடாதுன்னு பதமா விட்டாரு. வெடுக்குன்னு விட்டிருந்தா அந்தப் பொண்ணும் போயிருக்கும்."

லினேயோவின் அம்மா கம்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அழுவாள் என்று எழுந்து பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம்.

"எனக்கு மூணு புள்ளைங்க" என்றாள் ஆற்றைப் பார்த்து. "கடைசிக்கு இன்னும் பல்லு விழல. கையைப் பதமா விடத் தெரிஞ்ச மனுசனுக்கு அது நெனப்பு வரலையா?"

அது எங்களைக் கேட்ட கேள்வி இல்லை. வெயில் சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு சால்வையைச் சரி செய்துகொண்டு வந்த வழியே ஏறிப் போனாள்.

அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று பேசினாளாம். துக்கத் துணியோடு பேசக் கூடாது என்று ஒரு பெரியவர் தடுத்ததற்கு, "புருசன் எனக்குத்தான் போனாரு, உங்களுக்கு இல்ல. உக்காருங்க" என்றாளாம். செசாபா உதறவில்லை, என் கையிலேயே காட்டினான், இனி அவனைப் பேசுகிறவன் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த புசெலெட்சோ முதல்முறையாக வாயைத் திறந்தாள். "என் காதுல 'விடாதே'ன்னு சொல்லிட்டு அவர் விட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பேச்சு அடங்கியது. ஒரேயடியாக அடங்கிவிடவில்லை. இப்போதும் சாராயக் கடையில் ஒருவன் ஆரம்பிப்பான், இன்னொருவன் அடக்குவான். பட்டறைக்கு வேலை திரும்பி வந்தது.

குளிர்காலம் போய்ப் பீச் மரங்கள் பூத்த சமயத்தில் துக்கத் துணி கழற்றுகிற நாள் வந்தது. லினேயோவின் அம்மா எங்கள் இருவரையும் அழைத்திருந்தாள். செசாபா மச்சானின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தான். தோளில் பிடித்தது. முற்றத்தில் மாடு அடித்துப் பெரிய இரும்புச் சட்டிகளில் வெந்துகொண்டிருந்தது. சோளக் கள் பானை பானையாக இருந்தது. கறுப்புத் துணிகளைக் கொல்லையில் எரித்துவிட்டு, புது நீலப் பூப்போட்ட பாவாடையோடு அவள் வெளியே வந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

செசாபா வாசலுக்கு வெளியிலேயே தயங்கி நின்றுகொண்டிருந்தான். புசெலெட்சோதான் போய்க் கூப்பிட்டாள். நீளக் கை ரவிக்கை போட்டிருந்தாள். "அண்ணே, சாப்பாடு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். குடும்பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டார்கள்.

லினேயோவின் அம்மாவே தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா, என் மேல மனசுல ஏதாவது..." என்று ஆரம்பித்தான்.

"உன் மேல ஒண்ணும் இல்ல" என்றாள். "அவர் மேல இருக்கு. இன்னும் தீரல. அது எனக்கும் அவருக்கும் நடுவுல. நீ சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். அவள் அடுத்த வரிசைக்குப் பரிமாறப் போனாள். கடைசிப் பையன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான்.